வண்டலில் தங்கும் உலோகம்: அடையாற்றுச் சேறும் ஆரணி ஏரி மண்ணும்

அடையாறு, கூவம், எண்ணூர்க் கழிமுகம் ஆகியவற்றின் சேற்றில் சுவடு உலோகங்களை அளந்த ஆய்வுகள் பல உண்டு. அவை தந்த அறிவு சென்னையோடு நின்றுவிடக் கூடாது; கடலுக்கு வெகு தொலைவிலுள்ள, பட்டு நெசவு ஊரான ஆரணிக்கும் அது வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஓதம் ஏறும் ஆற்றில் நடப்பது இது. உப்புநீர் கலந்ததும் மிதக்கும் நுண்களிமண் திரண்டு படிகிறது. அதில் ஒட்டிய செம்பு, துத்தநாகம், ஈயம், குரோமியம் எல்லாம் கூடவே இறங்குகின்றன. சாக்கடைக் கரிமப்பொருள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட, பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டைச் சல்பைடாக்குகின்றன. சேறு கறுக்கிறது, செம்பும் ஈயமும் கரையாத சல்பைடாகக் கட்டுண்டு கிடக்கின்றன. தூர்வாரிக் கரையில் கொட்டினால் காற்றுப் பட்டு அந்தக் கட்டு அவிழும்.

ஆரணியை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதியில் ஓதமும் இல்லை. ஆண்டின் பெரும்பகுதி தண்ணீரும் இல்லை. அதன் படுகைப் பருமணலில் உலோகம் அதிகம் ஒட்டாது. ஆகவே ஆற்று மணலை அள்ளிச் சோதித்து, மாசு இல்லை என்று முடிவு சொல்வது தவறான இடத்தில் தேடுவதாகும். நுண்வண்டல் தங்குவது சாயக் கழிவு ஓடும் வாய்க்காலிலும், அந்த வாய்க்கால் சேரும் ஏரியிலும்தான்.

பட்டுச் சாயத்தில் உலோகம் எங்கிருந்து வருகிறது? சரிகையைச் சந்தேகிக்கத் தோன்றும். ஆனால் பட்டு நூல் சாயம் ஏறிய பிறகே தறிக்குப் போகிறது. சரிகை தறியில்தான் வந்து சேர்கிறது, சாயத்தொட்டியைப் பார்ப்பதே இல்லை. சரிகைத் துணுக்கையும் யாரும் சாக்கடையில் விடுவதில்லை, அதற்குக் காசு உண்டு. பார்க்க வேண்டியது உலோகக் கூட்டுச் சாயங்களை. அவற்றின் மூலக்கூறிலேயே குரோமியமோ கோபால்ட்டோ இருக்கிறது. செம்பு அண்டாவில் அமிலம் சேர்த்துச் சாயம் காய்ச்சும் பட்டறையாக இருந்தால் அண்டாவும் சிறிது கரையும். இதோடு இன்னொன்று. கச்சாப் பட்டின் எடையில் 20 முதல் 25 விழுக்காடு வரை செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து அதை நீக்குகிறார்கள். அந்தக் கொழகொழத்த நீர் வாய்க்காலில் அழுகி ஆக்சிஜனைத் தின்னும். சாய நீரோடு அது சேருமிடத்தில், கடல் இல்லாமலே, அடையாற்றுச் சேற்றின் சாயல் உருவாகக் கூடும்.

கழிவுநீர் விதி இதைத் தண்ணீரில்தான் அளக்கிறது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின்படி, உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம். அந்த உச்ச வரம்பிலேயே நாளுக்கு 10,000 லிட்டர் விடும் பட்டறை, ஆண்டில் 300 நாள் ஓடினால், விதி மீறாமலே 6 கிலோ குரோமியத்தை வாய்க்காலுக்குத் தந்துவிடும். செறிவுக்கு வரம்பு உண்டு, சேர்மானத்துக்கு இல்லை.

இதில் விவசாயிக்கும் பங்கு இருக்கிறது. ஏரி வண்டலை வயலுக்கு இலவசமாக அள்ளிக்கொள்ள 2017 முதல் அரசு அனுமதிக்கிறது. நல்ல திட்டம்தான். ஆயினும் தூர்வாரிய சேற்றுக்கு நேர்வது வண்டலுக்கும் நேரும்: காற்றோட்டமான வயலில் பரப்பியதும் கட்டுண்ட உலோகம் விடுபடலாம். எனவே சாய வாய்க்கால் சேரும் ஏரிகளில் மட்டுமாவது அள்ளுமுன் சோதனை தேவை. 63 மைக்ரானுக்குக் குறைந்த துகளைச் சலித்தெடுத்து, அலுமினியத்தோடு விகிதம் பார்த்து, ஊருக்கு மேற்புறம் ஜவ்வாது மலையிலிருந்து வரும் மண்ணோடு ஒப்பிட வேண்டும். ஏனெனில் குரோமியம் எந்த மண்ணிலும் இயல்பாகவே கொஞ்சம் உண்டு. கிலோவுக்கு 81 மில்லிகிராம் குரோமியம் என்ற அமெரிக்க வழிகாட்டு அளவை இங்கே அப்படியே பொருத்துவதும் சரியல்ல. அது கடல், கழிமுக உயிர்களை வைத்து வகுத்தது.

ஆற்றின் முடிவில் அளந்தால் போதாதா என்று கேட்கலாம். கமண்டல நாகநதி செய்யாற்றில் சேர்கிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றில் கலக்கிறது. அந்தப் பாலாறோ இராணிப்பேட்டையையும் தோல் தொழிற்சாலைகளையும் கடந்து வருவது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் பல ஆண்டுகளாகப் பேசப்படும் சிக்கல். வயலூர் அருகே முகத்துவாரத்தில் குரோமியம் கிடைத்தால் அது எந்த ஊருடையது என்று பிரித்துச் சொல்வது மிகக் கடினம்.