பிரிட்ஜ்போர்ட் மெஷினும் பவர் ஃபீடும்

மில்லிங் மெஷினின் டேபிளைத் தானாக நகர்த்தும் பவர் ஃபீட், பிற்காலத்தில் வந்து சேர்ந்த சொகுசு அன்று. 1850களில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் உருவாகி, துப்பாக்கித் தொழிற்சாலைகளில் பரவிய லிங்கன் மில்லர் என்ற மெஷினிலேயே அது உண்டு. ஒரே உறுப்பை ஆயிரக்கணக்கில் வெட்டும் இடத்தில் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தால் வேலை ஆகாது. ட்விஸ்ட் டிரில்லின் சுருள் பள்ளங்களை அரத்தால் ராவிக்கொண்டிருந்த காலத்தில், 1862இல், ஜோசப் ஆர். பிரவுன் யுனிவர்சல் மில்லிங் மெஷினை வடிவமைத்தார். டேபிள் நகர நகர வேலைத்துண்டும் அதற்கேற்பச் சுழலும்படி கியர்களால் பிணைத்ததுதான் அதன் சூட்சுமம். ஆரம்பகால மெஷின்கள் பலவற்றில் ஃபீட், ஸ்பிண்டிலிலிருந்தே பெல்ட் வழியாக வந்தது. ஸ்பிண்டில் வேகத்தை மாற்றினால் ஃபீடும் மாறிவிடும். தனி கியர்பாக்ஸ் வந்த பிறகே இரண்டும் பிரிந்தன.

இத்தனைக்கும் பிறகு, உலகில் மிக அதிகம் நகலெடுக்கப்பட்ட மில்லிங் மெஷினான பிரிட்ஜ்போர்ட் கைப்பிடியோடுதான் வந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ருடால்ஃப் பன்னோவும் மாக்னஸ் வால்ஸ்ட்ராமும் 1930களின் தொடக்கத்தில், பிறர் மெஷின்களில் பூட்டும் மில்லிங் ஹெட்டைச் செய்து விற்றார்கள். அந்த ஹெட்டுக்குப் பொருத்தமான உடலாகவே 1938இல் அவர்களுடைய முழு மெஷின் வெளிவந்தது. அச்சும் ஜிக்கும் செய்யும் டூல்ரூமுக்கான இலகுவான மெஷின் அது. அங்கே ஒவ்வொரு வேலையும் புதிது, கை உணர்வே முக்கியம். டேபிளுக்கு ஃபீட் வேண்டியவர் தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தச் சிக்கனம் சரியான கணக்குதான்.

ஆனால் நீளமான பரப்பை வெட்டும்போது சங்கடம் தெரியும். அந்த மெஷினின் லீட் ஸ்க்ரூ, டேபிளை ஒரு சுற்றுக்கு 0.2 அங்குலம்தான் நகர்த்தும். இரண்டடி நகர 120 சுற்று. கை சற்றுத் தயங்கினால் பரப்பில் தழும்பு விழும். கட்டர் வெட்டாமல் உரசி மழுங்கும். வேகத்தை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் சிறு மோட்டார்கள் வந்ததும், பழைய மெஷின்களிலும் பூட்டக்கூடிய பவர் ஃபீட் யூனிட்டுகள் சந்தைக்கு வந்தன. டேபிளின் ஒரு முனையில் கைப்பிடியைக் கழற்றி, லீட் ஸ்க்ரூவின் நுனியில் சாவியோடு ஒரு பெவல் கியரை ஏற்றி, யூனிட்டின் பினியன் அதோடு சரியாகக் கவ்வும்படி ஷிம் வைத்து இறுக்குவார்கள். கியர்கள் இறுகக் கவ்வினால் கத்தும், தளர்ந்தால் பல் தேயும். பொறுமை வேண்டிய இடம் இதுவே. டேபிள் கடைசிவரை போய் முட்டாமலிருக்க லிமிட் சுவிட்சும் அதைத் தட்டும் ஸ்டாப்புகளும் முன்பக்கம் வரும்.

யூனிட் பூட்டியதும் மெஷின் புதிதாகிவிடாது. லீட் ஸ்க்ரூவின் தேய்ந்த நட்டில் பேக்லாஷ் (தளர்வு) இருக்கும்போது, டேபிள் நகரும் திசையிலேயே கட்டர் பற்கள் வெட்டும் டவுன் மில்லிங் செய்தால், கட்டர் டேபிளைத் தன் பக்கம் இழுத்துவிடும். வேலைத்துண்டு பிடுங்கப்படும், கட்டர் உடையும். சீரான ஃபீட் அதைத் தடுக்காது. பழைய மெஷினில் முதல் செலவு நட்டைச் சரிசெய்வதற்கு. பவர் ஃபீட் அதற்கு அடுத்ததுதான்.