இரண்டு முகாம்கள்

கதை எழுதுகிறவனுக்குச் சரித்திரத்தில் ராஜாக்களைவிடச் சாமானியர்கள்மீதே ஆசை அதிகம். அமெரிக்காவில், பென்ஸில்வேனியா மாநிலத்தின் மேற்கே, மவுண்ட் ப்ளெஸன்ட் என்ற ஊருக்கு அருகில் லாரல்வில் என்று ஒரு முகாம் உண்டு. 1943-ல் மென்னனைட் கிறிஸ்தவர்கள் தொடங்கியது. ஊர்ச் சந்தடியை விட்டு வந்து, மரநிழலில் சில நாள் தங்கி, பிரார்த்தித்து, பாடி, மனம் விட்டுப் பேசிவிட்டுப் போவதற்கான இடம்.

அதைப் பற்றிப் படித்தபோது 1943 என்ற வருஷம் என்னை நிறுத்திவிட்டது. உலக யுத்தத்தின் நட்ட நடுவில், காட்டில் கூடிப் பாடுவதற்கு யாராவது இடம் அமைப்பார்களா?

விடை தேட நானூறு வருஷம் பின்னே போக வேண்டும். 1525 ஜனவரி 21-ஆம் தேதி ஸ்விட்ஸர்லாந்தின் ஜூரிக் நகரில் சிலர் ஒரு வீட்டில் கூடி, ஒருவருக்கொருவர் மறுபடியும் ஞானஸ்நானம் செய்துகொண்டார்கள். விவரம் அறியாத குழந்தைக்குச் செய்வது செல்லாது. தெரிந்து, விரும்பி ஏற்பதே விசுவாசம் என்பது அவர்கள் கட்சி. அரசாங்கம் பொறுக்குமா? அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில் லிம்மாட் நதியில் மூழ்கடித்துக் கொன்றார்கள். மற்றவர்கள் காடுகளிலும் குகைகளிலும் ரகசியமாகக் கூடினார்கள். 1536-ல் நெதர்லாந்தில் மென்னோ சைமன்ஸ் என்ற பாதிரியார் தம் பதவியைத் துறந்து இவர்களோடு சேர்ந்தார். சிதறிக் கிடந்தவர்களைத் திரட்டிய அவர் பெயரே கூட்டத்துக்கு நிலைத்தது. வாளை எடுப்பதில்லை என்பது அவர்களுடைய உறுதி.

அந்த உறுதியைச் சோதித்தது, 1940-ல் அமெரிக்காவில் வந்த கட்டாய ராணுவச் சட்டம். ஆயுதம் தொட மனச்சாட்சி இடம் தராதவன் தேசத்துக்கு வேறு ஊழியம் செய்யலாம் என்று அதில் ஒரு வழி இருந்தது. 1941 மே மாதம் மேரிலாந்தில் இதற்கான முதல் முகாம் திறந்தது. 1947 வரை ஏறத்தாழ 12,000 பேர் இந்த ஊழியம் செய்தார்கள். அவர்களில் சுமார் 4,600 பேர் மென்னனைட்டுகள். மண் அரிப்பைத் தடுத்தார்கள், காட்டுத்தீயை அணைத்தார்கள், மனநோய் ஆஸ்பத்திரிகளில் பணி செய்தார்கள். கூலி கிடையாது. முகாம் செலவில் பெரும்பங்கைச் சபைகளே சுமந்தன.

கதையை இங்கே முடித்தால் அழகாக இருக்கும். கணக்கு அப்படி முடிய விடவில்லை. ராணுவ அழைப்பு வந்த மென்னனைட் இளைஞர்களில் நூற்றுக்கு 46 பேர் இந்த மாற்று ஊழியத்துக்குப் போனார்கள். 14 பேர் ராணுவத்திலேயே ஆயுதமில்லாத வேலை ஏற்றார்கள். ஏறக்குறைய 40 பேர் மற்றவர்களைப்போலவே சிப்பாய்களானார்கள்.

இதைப் படித்ததும் என் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். கதரைத் தவிர வேறு உடுத்தாதவர். என் பீரோவில் இன்று ஒரு முழக் கதர் கிடையாது. என்னை யாரும் தடுக்கவில்லை, தானாகவே விட்டுப்போயிற்று. உறுதி என்பது ரத்தத்தில் வருவதல்ல. விசுவாசம் பிறப்பால் வராது என்று 1525-லேயே சொன்னவர்கள், அதைத் தங்கள் பிள்ளைகளிடமே கண்டார்கள்.

லாரல்வில்லை இந்த வெளிச்சத்தில்தான் நான் பார்க்கிறேன். அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஏ. ஜே. மெட்ஸ்லர். அருகே ஸ்காட்டேல் ஊரில் இருந்த மென்னனைட் பிரசுராலயத்தை நடத்தியவர். புத்தகம் அச்சிட்டு அனுப்பினால் மட்டும் போதாது, முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று புத்தகக்காரருக்கே தோன்றியிருக்க வேண்டும். சங்கமாகச் சேர்ந்தவர்கள் நடத்திய முகாம் அது.

பிற்காலத்தில் அதற்குத் தலைமை வகித்த ஆர்னால்ட் கிரெஸ்மன், ஓவியர் யான் கிளைஸ்டீனுடன் சேர்ந்து 1970-ல் ஒரு யாத்திரை ஏற்பாடு தொடங்கினார். மென்னனைட்டுகளை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போய், முன்னோர் வாழ்ந்த இடங்களையும் மறைந்த இடங்களையும் காட்டுவது. ஜூரிக் பிரதேசத்தில் பெரெட்ஸ்வில் அருகே மலையில் ஒரு குகை இருக்கிறது. அதன் வாசலில் அருவி விழுகிறது. அந்நாளில் அவர்கள் ஒளிந்து வழிபட்ட இடம் என்கிறார்கள்.

ஒளிந்து கூடிய காலத்தில் அவர்களுடைய உறுதியை ஆபத்தே காத்தது. ஆபத்து விலகிய பிறகு, அதைக் காக்க ஒரு காடும் சில நாள் ஓய்வும் தேவைப்பட்டன.