மலைநாட்டின் வீதிகளும் எல்லைகளும்

கண்டி மன்னரின் நாட்டைக் காத்தவை கோட்டை கொத்தளங்கள் அல்ல. காடும் மலையும் ஒற்றையடிப் பாதையுமே அதன் அரண்கள். வழி அகன்றால் அது முதலிற் பகைவனுக்கே பயன்படும் என்பதை அம்மன்னர் நன்கு அறிந்திருந்தனர். ஆதலின் பாதைகளை அகலவிடாது, கணவாய்தோறும் முள்வாயில் அமைத்துக் காவல் வைத்தனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் மலையேறிச் சென்றும் அங்கு நிலைகொள்ள முடியவில்லை. 1803ஆம் ஆண்டிற் கண்டியில் நிறுத்தப்பட்ட ஆங்கிலப் படையும் அழிந்தொழிந்தது. 1815இல் அந்நாடு ஆங்கிலேயர் வசமானதற்கு அவர்தம் படைவலியைவிடப் பிரதானிகளின் மனக்கசப்பே பெருங்காரணமாயிற்று. மார்ச்சு மாதம் 2ஆம் நாள் உடன்படிக்கை எழுதப்பட்டது. மூன்று ஆண்டு கழிவதற்குள் ஊவாவிலும் வெல்லசையிலும் கிளர்ச்சி மூண்டது. 1818இன் இறுதிவரை அது நீடித்தது. வழியில்லாத நாட்டை வென்றாலும் ஆளவியலாது என்னும் பாடத்தை ஆங்கில அரசு அக்கிளர்ச்சியிலேதான் கற்றது.

அப்பாடத்தைச் செயலாக்கியவர் தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ். வாட்டர்லூப் போர்க்களத்திற் பணிபுரிந்த தளபதியாகிய அவர், மலைநாட்டையும் ஒரு தளபதியின் கண்கொண்டே நோக்கினார். கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி அவர் காலத்தில் அமைக்கப்பட்டது. கடுகண்ணாவையிற் கற்பாறை குடையப்பட்டது. வீதியமைப்பை முன்னின்று நடத்திய பொறியியலாளரான கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுந்த கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கின்றது. பாறையை உடைத்த கைகள் யாருடையவை? பெரும்பாலும் அயற்கிராமத்து மக்களின் கைகளே அவை. காணி அனுபவிப்போர் அதற்கீடாக அரசனுக்குச் செய்யவேண்டிய ஊழியம் 'இராசகாரியம்' எனப்பட்டது. மன்னன் போன பின்னரும் அவ்வூழியம் போகவில்லை. புதிய ஆட்சி அதனைத் தன் வீதி வேலைக்கு எடுத்துக்கொண்டது. பழைய வழக்கத்தில் அதற்கு ஓர் அளவும் முறையும் இருந்தன. புதிய ஆட்சியிலோ, வயலை விட்டு நெடுந்தொலைவு சென்று, கூலியின்றி மண்சுமக்கும் பாரமாக அது மாறிற்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோது அதற்காகக் கிராமத்தவர் எவரும் வருந்தியிருக்க மாட்டார்.

அதே ஆணைக்குழுவின் மற்றொரு பரிந்துரை நாட்டின் வரைபடத்தையே மாற்றியது. அதுவரை கண்டிப் பிரதேசத்துக்குத் தனி நிருவாகம் இருந்து வந்தது. தனி நிருவாகம் செலவு மிக்கது, பிரதானிகளின் செல்வாக்கை வளர்ப்பது எனக் கோல்புறூக் கருதினார். 1833இல் இலங்கை முழுவதும் ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது. நுவரகலாவியா வடமாகாணத்துடன் சேர்ந்தது. பிந்தனையும் தமன்கடுவையும் கிழக்கிற்குச் சென்றன. சப்பிரகமுவையும் கீழ் ஊவாவும் வெல்லசையும் தெற்கிற்கும், ஏழு கோறளை மேற்கிற்கும் போயின. எஞ்சிய நடுப்பகுதியே மத்திய மாகாணம் என்னும் பெயர் பெற்றது. ஒரே இராச்சியமாக எழுந்து கிளர்ச்சி செய்த நாடு, ஐந்து அரசாங்க அதிபர்களின் கீழ் ஐந்து துண்டாயிற்று. சிக்கனம் கருதிச் செய்த மாற்றம் என்பது ஏட்டிலுள்ள காரணம். கோடுகள் எங்கெங்கே விழுந்தன என்று நோக்குவோர் பிறிதொரு காரணத்தையும் காண்பர்.

அக்கோடுகளும் நிலைத்து நிற்கவில்லை. 1845இல் வடமேல் மாகாணமும், 1873இல் வடமத்திய மாகாணமும், 1886இல் ஊவாவும், 1889இல் சப்பிரகமுவையும் தோன்றி, மாகாணங்கள் ஒன்பதாயின.

இதற்கிடையில் மலைநாட்டுக்குப் புதிய பயனொன்று கண்டுபிடிக்கப்பட்டது. 1820களின் நடுப்பகுதியிற் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பி பயிரிட்டார். தேசாதிபதி பார்ன்ஸ் தாமே கன்னொறுவையிற் கோப்பித் தோட்டம் வைத்தார். படை செல்வதற்கென வெட்டிய வீதி, கோப்பி மூட்டைகளைக் கீழே கொணர்வதற்கும் உதவியது. அன்று தொடங்கி, வீதி எங்கே போகவேண்டும் என்பதைத் துப்பாக்கிக்குப் பதிலாகக் கோப்பிச் செடி தீர்மானித்தது.

தோட்டத்துக்கு நிலம் வேண்டும். விற்பவர் அரசாங்கம், ஆனால் விற்பதற்கு அந்நிலம் முதலில் அரசாங்கத்தினுடையதாக இருத்தல் வேண்டுமன்றோ? அதற்கு வகைசெய்தது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடப்படாத நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என அது கொண்டது. கண்டிப் பகுதிச் சேனை நிலங்களும் இவ்விதிக்கு உட்பட்டன. மன்னர் வழங்கிய சன்னசு முதலிய பத்திரமோ வரி செலுத்திய சான்றோ காட்டவியலாதவனுக்கு அவற்றில் உரிமையில்லை.

இச்சட்டத்தின் கொடுமையை உணர்வதற்குக் கண்டிக் கிராமத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். பள்ளத்திலே வயல், அதன் கரையிலே வீடும் தோட்டமும், அவற்றுக்கு மேலே மலைச்சாரலிற் சேனை. சேனையில் ஓராண்டு காடு வெட்டி எரித்துக் குரக்கன் விதைப்பர். அடுத்துப் பல ஆண்டு அதனைக் காடாக விட்டு வேறிடம் செல்வர். மாடு மேய்வதும் விறகு பொறுக்குவதும் அச்சாரலிலேதான். பல்லாண்டு ஓய்ந்து கிடந்த சேனை, நில அளவையாளரின் கண்ணுக்குப் பயிரிடப்படாத காடாகவே தோன்றும். தலைமுறை தலைமுறையாக அனுபவித்த ஊரவனிடம் ஓலையும் இல்லை, பத்திரமும் இல்லை. நிலத்தை உடையவன் நிரூபிக்கவேண்டும். எடுப்பவன் நிரூபிக்க வேண்டியதில்லை. சட்டத்தின் சூக்குமம் முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

இவ்வாறு முடிக்குரியதான நிலம் தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் விற்கப்பட்டது. 1844இல் அவ்விலை ஒரு பவுணாக உயர்ந்தது. தேசாதிபதி ஸ்டுவர்ட் மக்கென்சி முதலாக உயர் உத்தியோகத்தர் பலர் தாமே காணி வாங்கினர். சட்டம் இயற்றுவோரும் நிலம் அளப்போரும் விற்போரும் வாங்குவோரும் ஒரே கூட்டத்தார் ஆயினர். இவ்வழக்கத்துக்குக் குடியேற்ற அமைச்சு பின்னர் தடை விதிக்கவேண்டியதாயிற்று. நேர்மையின் பொருட்டு இன்னொன்றும் சொல்லவேண்டும். பின்னாளில் திம்புள்ளை, டிக்கோயா, மஸ்கெலியா என்னும் பெயர்களால் அறியப்பட்ட உயர்மலைப் பகுதிகளிற் பெரும்பங்கு ஊர்கள் அருகிய அடர்காடாகவே கிடந்தது. சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த அப்பகுதியை ஆங்கிலேயர் வெறுங்காடு என்றே குறித்தனர். கொத்மலை, வலப்பனை முதலிய பழைய ஊர்கள் நிறைந்த பள்ளத்தாக்குகளின் நிலை அதுவன்று. அங்கே வயலுக்கு மேலேயிருந்த சாரல் தோட்டமாயிற்று. கிராமம் மேலேறவும் வழியின்றிப் பரவவும் இடமின்றி நின்றது.

1847இல் கோப்பி விலை வீழ்ந்தது. வருவாய் குன்றவே, 1848இல் தேசாதிபதி டொரிங்டன் பிரபு துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வண்டிக்கும் புதிய வரிகளை வரிசையாக விதித்தார். அவற்றோடு வீதிக் கட்டளைச் சட்டமும் வந்தது. வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலைசெய்தல் வேண்டும். அன்றேல் அதற்கீடாக மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும். இராசகாரியம் ஒழிந்து பதினாறு ஆண்டே ஆகியிருந்தது! தோட்டக்காரனின் மூட்டை இறங்கும் வீதிக்கு, தோட்டத்தாற் சேனையை இழந்தவன் உழைக்கவேண்டும் என்றால், அவன் நெஞ்சு கொதிக்காதா? மாத்தளையிற் கிளர்ச்சி வெடித்தது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கிளர்ச்சித் தலைவருள் ஒருவரான புரன் அப்பு ஆகத்து 8ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். டொரிங்டன் பதவியிழந்து சென்றார். புதிய வரிகளுட் பல நீங்கின. வீதி வரி மட்டும் நீங்கவில்லை. அது இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1922இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க அவ்வரியைச் செலுத்த மறுத்து, கல்லுடைக்கும் வேலையையே ஏற்றுக்கொண்டார். அதன் பின்னரே அது கைவிடப்பட்டது.

வீதி வரியிலிருந்து சிலருக்கு விலக்கு இருந்தது. தேசாதிபதி, பௌத்த துறவிகள், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் ஆகியோர் விலக்குப் பெற்றோராவர். தேசாதிபதியும் தோட்டத் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்ற இடம் ஆட்சி ஏடுகளில் இஃதொன்றே போலும். இது கருணையால் விளைந்த சலுகையன்று. தொழிலாளியின் ஆறு நாளும் தோட்டக்காரனுக்கு வேண்டியிருந்தன. மேலும், வீதி வேலைக்கென்றே தமிழ்நாட்டிலிருந்து வேறு கூட்டத்தார் வரவழைக்கப்பட்டிருந்தனர். 'பயனியர்' படை என்ற பெயரில் அணிவகுக்கப்பட்ட அத்தமிழ்த் தொழிலாளரே, கூலி பெற்றுக் காட்டைப் பிளந்து வீதி வகுத்தனர். அவர்களை வேலை வாங்கியவர்களுட் புகழ்பெற்றவர் தோமஸ் ஸ்கின்னர். பதினைந்து வயது நிரம்புமுன் படையிற் சேர்ந்து, 1867இல் ஓய்வு பெறும்வரை வீதி அமைப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர்.

தொழிலாளர் வந்த வழியைப் பார்த்தால் ஒரு முரண் புலப்படும். தொண்டி, தேவிபட்டினம் முதலிய துறைகளில் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளைவரை அவர்கள் நடந்தனர். கங்காணி முன்னே செல்ல, நூற்றுக்கு மேற்பட்ட மைல் நடை. பசியாலும் காய்ச்சலாலும் பேதியாலும் வழியில் இறந்தோர் பலர். கோப்பி இறங்கும் வீதிக்குக் கல்லும் பாலமும் இருந்தன. கோப்பி பறிப்போர் ஏறிவந்த பாதைக்கு நெடுங்காலம் நிழலும் நீரும் இல்லை.

நுவரெலியாவுக்குக் கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக வீதி ஏறியது. 1854இற் கண்டியில் நிறுவப்பட்ட தோட்டக்காரர் சங்கம் வீதியும் இருப்புப்பாதையும் கேட்டு ஓயாது மனுச் செய்தது. இருப்புப்பாதை 1867இற் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. இதற்குள் கோப்பி இலைநோயால் அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. கிளை வீதிகளுக்கு வேறு முறை வகுக்கப்பட்டது: செலவிற் பாதியை அரசாங்கமும் மறுபாதியை அவ்வீதியாற் பயன்பெறும் தோட்டங்களும் ஏற்கும். ஆகவே எங்கே தோட்டம் உண்டோ அங்கே வீதி சென்றது. பழைய கிராமம் வீதியோரத்தில் அமைவது தற்செயலே.

பொதுவேலைக்கென நிலம் எடுப்பதற்கு 1876ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் காணி எடுத்தற் கட்டளைச் சட்டம் முறைவகுத்தது. அறிவித்தல் கொடுத்து, உரிமை கோருவோரை விசாரித்து, நட்டஈடு வழங்கவேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் நல்லதே. ஆயின் நட்டஈடு உரித்தாளிக்கே உரியது. முடியிடம் விலைக்கு வாங்கிய தோட்டக்காரனின் கையிற் பத்திரம் இருந்தது. சேனைக்காரன் கையில் 1840இலேயே ஒன்றுமில்லாது போயிற்று. ஒரு சட்டம் திறந்த வாயிலை முந்தைய சட்டம் முன்னரே அடைத்துவிட்டிருந்தது.

மாவட்ட எல்லைகளும் தோட்டத்துக்குப் பின்னாலேயே நடந்தன. ஆங்கிலராட்சியில் நுவரெலியா மாவட்டம் வலப்பனை, உடஹேவாஹெட்ட, கொத்மலை ஆகிய பிரிவுகளைக் கொண்டிருந்தது. அட்டனும் டிக்கோயாவும் மஸ்கெலியாவும் அடங்கிய அம்பகமுவை கண்டி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1970களிலேதான் அது நுவரெலியாவுடன் இணைக்கப்பட்டது. கண்டி மாவட்டத்தின் குடித்தொகை 1971ஆம் ஆண்டுக் கணக்கைவிட 1981இற் குறைந்து காணப்படுவதன் காரணம் இதுவே. மக்கள் பெயரவில்லை, கோடு பெயர்ந்தது.

வரைபடத்தில் வரையப்படாத எல்லை ஒன்றும் இருந்தது. அதுவே தோட்டத்து எல்லை. உள்ளே செல்லும் வீதி துரைக்குச் சொந்தம். அவர் அனுமதியின்றி நுழைவது அத்துமீறல். அவ்வெல்லைக்குள் வாழ்ந்தவன் பக்கத்துக் கிராமத்தின் குடியாகக் கணிக்கப்படவில்லை. 1930களின் இறுதியிற் கிராமச் சங்கங்களுக்கான வாக்குரிமை விரிக்கப்பட்டபோது, இந்தியத் தொழிலாளரை விலக்க முதலில் முயன்றனர். இன வேற்றுமை என்னும் கண்டனம் எழவே, விலக்கு தோட்ட லயங்களில் வாழும் தொழிலாளர் அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டது. சொல் மாறிற்று, வெளியே நின்றவர் மாறவில்லை. 1946இற் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர்த் தோட்டக் காணி கிராம விரிவுக்கென எடுக்கப்பட்டபோது, பலகாலம் அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கு வெளியேறும் கட்டளை வந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. கிராமத்தவன் நிலமின்றித் தவித்தது உண்மை. அந்நிலத்தைப் பறித்தவன் தொழிலாளி அல்லன் என்பதும் உண்மை. முதலில் எடுத்தவன் கணக்கைப் பின்னர் வந்தவன் தலையில் எழுதினர். ஈராண்டு கழிந்து 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர்.

விடுதலைக்குப் பின்னும் இவ்வெல்லை எளிதில் அழியவில்லை. பிரதேச சபைகளை அமைத்த 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதி தோட்டக் குடியிருப்புகளுக்குச் செல்லாதவாறு தடுத்து நின்றது. தேர்தலில் வாக்களித்த தோட்டத்தவன், தன் லயத்துக்குச் செல்லும் பாதையைத் திருத்துமாறு தான் தெரிந்தெடுத்த சபையையே கேட்கவியலாத நிலை முப்பது ஆண்டு நிலவியது. 2018ஆம் ஆண்டிலே அப்பிரிவு திருத்தப்பட்டது. அவ்வாண்டு நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னரே, மிகப் பெரிய மக்கள்தொகையைத் தாங்கியிருந்த நுவரெலியா, அம்பகமுவை என்னும் இரண்டு பிரதேச சபைகளும் ஆறாகப் பிரிக்கப்பட்டிருந்தன. நுவரெலியாவிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும், அம்பகமுவையிலிருந்து நோர்வூட்டும் மஸ்கெலியாவும் தனிச் சபைகளாயின.