பெயருக்கு முன்னால் மூன்று எழுத்து... மோகன் பகான் ரசிகர்கள் கொதித்தது ஏன்?

கொல்கத்தாவின் மோகன் பகான் கால்பந்து கிளப் தொடங்கப்பட்டது 1889 ஆகஸ்ட் 15-ல். ஆனா, ரசிகர்கள் கொண்டாடும் நாள் வேற: 1911 ஜூலை 29.

அன்னைக்குதான் ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதிப்போட்டி. எதிரே பிரிட்டிஷ் ராணுவத்தின் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட். மோகன் பகானில் பூட்ஸ் போட்டிருந்தது சுதிர் சாட்டர்ஜி ஒருத்தர் மட்டும்தான். மற்ற 10 பேரும் வெறுங்கால். முதல் கோல் வாங்கியதும் அவங்கதான். கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்ய, கடைசி நேரத்தில் அபிலாஷ் கோஷ் அடித்த கோலில் 2-1. ஷீல்டை வென்ற முதல் இந்திய அணி!

அந்தப் பெயரில்தான் 2020-ல் கை வைத்தார்கள். ஐஎஸ்எல் அணியான ஏடிகே-வை வைத்திருந்த ஆர்பிஎஸ்ஜி குழுமம், கிளப்பின் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதப் பங்குகளை வாங்கியது. அணி 'ஏடிகே மோகன் பகான்' ஆனது. பச்சை-மெரூன் ஜெர்சி தப்பியது. ஆனாலும், 2014-ல் பிறந்த ஒரு அணியின் பெயர் தங்கள் கிளப்புக்கு முன்னால் நிற்பதை ரசிகர்களால் ஏற்க முடியவில்லை. போராட்டம் வெடித்தது.

2023 மார்ச்சில் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற இரவிலேயே, 'ஏடிகே' நீக்கப்படும் என்று அறிவித்தார் உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா. ஜூன் 1 முதல் பெயர் 'மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட்'. லக்னோ ஐபிஎல் அணி வைத்திருக்கும் அதே குழுமத்தின் பிராண்டுதான் இதுவும். ஆனா, இது பின்னாலதான் வருது.