சிறையிலிருந்து விடுதலையாகி வருவோர்: உடல்நலம், மனநலம், தொழில்

புழல் மத்திய சிறையிலிருந்தோ வேறு சிறையிலிருந்தோ விடுதலையாகி, காட்டூர், பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களுக்குத் திரும்புவோருக்கும் அவர்களின் குடும்பத்தினருக்கும் இப்பக்கம் வழிகாட்டுகிறது.

முதல் இரண்டு வாரங்கள் ஏன் முக்கியம்?

விடுதலைக்குப் பிந்தைய முதல் சில வாரங்களே உயிருக்கு மிகவும் ஆபத்தான காலம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்து, 2007-இல் வெளியான ஆய்வின்படி, முதல் இரண்டு வாரங்களில் இறப்பு அபாயம் பொதுமக்களைவிடச் சுமார் 13 மடங்கு அதிகம். போதைப்பொருளை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதே அதற்கு முதன்மைக் காரணம். நெடுநாள் விலகியிருந்த உடல் முன்பு பழகிய அளவைத் தாங்காது. மதுவுக்கும் இது பொருந்தும். எனவே, விடுதலையைக் கொண்டாட மது வாங்கித் தருவதை உறவினரும் நண்பர்களும் தவிர்க்க வேண்டும்.

மருந்து ஒரு நாளும் நிற்கக் கூடாது

சிறை மருத்துவமனையில் அளித்த சிகிச்சைக் குறிப்புகளையும் மருந்துகளையும் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அவை கிடைக்காவிட்டாலும், ஒரு வாரத்திற்குள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள்.

• காசநோய்: நெருக்கடியான இடங்களில் இந்நோய் எளிதில் பரவும். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு இருப்பின் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிகிச்சை இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. இடையில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறக்கூடும்.
• நீரிழிவு, இரத்தக் கொதிப்பு: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைப் பதிவு செய்தால் மருந்து வீடு தேடி வரும்.
• வலிப்பு, மனநோய்: மருந்தைத் திடீரென நிறுத்தாதீர்கள். வலிப்பு நோய் உள்ளவர் தனியாகப் படகில் செல்லவோ ஏரியில் இறங்கவோ கூடாது. தூக்கம் வரவழைக்கும் மருந்து உட்கொள்பவர், எப்போது ஏரிக்குச் செல்லலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

மனம் திரும்பச் சிறிது காலமாகும்

தூக்கமின்மை, கதவுச் சத்தத்திற்குத் திடுக்கிடுதல், கூட்டத்தைத் தவிர்த்தல், வெட்க உணர்வு ஆகியவை பலருக்கும் ஏற்படுகின்றன. ‘உள்ளே என்ன நடந்தது’ என்று துருவிக் கேட்காதீர்கள். அவராகப் பேசும்போது பொறுமையாகக் கேளுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் இந்நிலை நீடித்தால் மனநல ஆலோசனை பெறுங்கள். மனநலச் சிகிச்சை பெறுவது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அனைவருக்கும் அளித்துள்ள உரிமை. வாழ்வதில் பயனில்லை என்று அவர் கூறினால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். தனியே விடாமல் உடனே உதவி நாடுங்கள்.

தொழிலுக்குத் திரும்புதல்

வேலை, வருமானத்தோடு நாள் ஒழுங்கையும் தன்மதிப்பையும் மீட்டுத் தருகிறது. ஏரியில் பாடு முறை உள்ள ஊர்களில், வலையிடும் முறை தலைக்கட்டு வரிசையில் பகிரப்படுகிறது. விட்டுப்போன இடத்தைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் குடும்பத்தினர் முன்கூட்டியே பேசி வைப்பது மனத்தாங்கலைத் தவிர்க்கும். மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பதிவு, நலவாரிய அட்டை, ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவை நடப்பில் உள்ளனவா எனச் சரிபாருங்கள். நெடுநாள் கடின உழைப்பு இல்லாத உடலுக்கு முதல் வாரங்களில் வலை பழுது பார்த்தல், மீன் தரம் பிரித்தல் போன்ற கரை வேலைகளே ஏற்றவை.

சிறையில் கற்ற தையல், அடுமனை போன்ற தொழில்களும் வெளியே பயன்படும். புழலில் சிறைவாசிகளே பெட்ரோல் விற்பனை நிலையம் நடத்துகின்றனர். அத்தகைய அனுபவத்தை வேலை கேட்கும்போது தயங்காமல் கூறலாம். தொழில் தொடங்க உதவி தேவைப்படுவோர், சிறைத்துறையின் நன்னடத்தை அலுவலர் வழியாக விடுதலையான சிறைவாசிகள் உதவிச் சங்கத்தை அணுகலாம்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• எழுப்பியும் எழாத மயக்கம், மூச்சு மந்தமாதல்
• மதுவை நிறுத்தியபின் கைநடுக்கத்துடன் குழப்பம் அல்லது வலிப்பு
• இருமலில் இரத்தம்
• தற்கொலை முயற்சி

உதவி எண்கள்: மனநல ஆலோசனை 14416, மருத்துவ ஆலோசனை 104, இலவச சட்ட உதவி 15100.