பேயுருவும் பசியும்

ஆனிப் பௌர்ணமியை ஒட்டிய மாங்கனித் திருவிழாவில், பிட்சாடனர் வீதியுலா வருகையில், காரைக்கால் மக்கள் மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைப்பர். விழா நாயகியாகிய அம்மையாரோ செப்புத் திருமேனிகளில் விலாவெலும்பு தெரிய, வயிறு ஒட்டி, கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கிறார்.

அத்திருமேனியின் படத்தை வகுப்பில் காட்டியபோது, "சாப்பிடாமலே இருந்தால் இப்படி ஆகிவிடலாமா, ஐயா?" என்றார் ஒரு மாணவி. சிரிப்பெழுந்தது, நாமும் சிரித்துக் கடந்தோம். அவர் மதிய உணவைத் தொடுவதே இல்லை என்பதைத் தோழியர் சொல்லிப் பின்னரே அறிந்தோம்.

இத்தாலியின் சியன்னா நகரத்துப் புனிதை கத்தரீன் உணவை ஒறுத்து ஒறுத்து 1380இல், 33ஆம் அகவையில் மறைந்தார். அவர் போன்றோரின் நோன்பை இன்றைய 'அனோரெக்சியா' நோயோடு ஒப்பிட்டு ருடால்ஃப் பெல் 1985இல் ஒரு நூலே எழுதினார். நம் அம்மையாரையும் அவ்வரிசையில் வைக்கத் தோன்றும். ஆனால் சேக்கிழார் காட்டும் புனிதவதியார் பட்டினி கிடந்தவர் அல்லர். கறியமுது ஆகாத வேளையில் பசித்து வந்த அடியவருக்குச் சோற்றோடு மாங்கனியை இட்டவர். பிரிந்துபோய் மறுமணம் செய்த கணவன் பரமதத்தன் தம் காலில் விழுந்த பின்னரே, அவனுக்கெனத் தாங்கிய தசைப்பொதியைக் கழிக்க இறைவனை வேண்டினார். அவ்வேண்டுதலில் இருப்பது மனைவி என்னும் நிலையிலிருந்து விடுதலை. உணவின்மீது வெறுப்பு அன்று. (உரை சொல்லும் நாமோ 'உடலை வென்றார்' என ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.)

இப்போதெல்லாம் அப்புராணத்தை அடியவருக்குச் சோறிட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறோம். சில வேளை அங்கேயே மணியடித்துவிடுகிறது.