தொடக்ககாலத் தமிழ் ஒலிப்பதிவுகள்

தொடக்ககாலத் தமிழ் ஒலிப்பதிவுகள் என்பவை, 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1930களின் இறுதி வரை பெரும்பாலும் அரக்குத் தட்டுகளில் பதிவு செய்யப்பட்ட தமிழ்ப் பாட்டு, நாடகப் பாடல், கருவியிசை, பேச்சு ஆகியவற்றைக் குறிக்கும். இவற்றுள் ஒரு பகுதி எண்ணிம வடிவம் பெற்று, நூலகங்கள் வழியாகவும் இணையம் வழியாகவும் கேட்கக் கிடைக்கின்றது. எனினும் ஒரு பதிவு எண்ணிம வடிவம் பெற்றுவிட்டதனாலேயே அது தேடுவோர் கைக்கு வந்துவிடுவதில்லை. பழைய எழுத்துக்கூட்டல், பழைய ஆட்சி எல்லைகள், தட்டில் பொறிக்கப்பட்ட எண்கள் ஆகியவை தெரிந்தால்தான் அதனைக் கண்டறிய இயலும். தட்டு சுழன்ற வேகம் தெரிந்தால்தான் அதனைச் சரியாகக் கேட்க இயலும். திருநெல்வேலி–தாமிரபரணி வட்டாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

ஒலியைப் பதிவு செய்த முதற்கருவி 1857 இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த எடுவார் லியோன் இசுகாட் டி மார்ட்டின்வில் உருவாக்கிய ஒலிவரைவி ஆகும். இது புகைக்கரி படிந்த தாளில் ஒலியலைகளைக் கோடாக வரைந்தது. அக்கோட்டைக் கண்ணால் பார்க்கலாமே தவிர, மீண்டும் ஒலிக்கச் செய்ய அக்காலத்தில் வழியில்லை. 1877 இல் தாமசு ஆல்வா எடிசன் உருவாக்கிய போனோகிராப், பதிந்த ஒலியைத் திரும்பக் கேட்கச் செய்தது. 1887 இல் எமில் பெர்லினர் உருளைக்கு மாற்றாகத் தட்டைப் பயன்படுத்தும் கிராமபோனுக்குக் காப்புரிமம் பெற்றார். ஒரே அச்சிலிருந்து பல படிகளை எடுக்க முடிந்ததால் தட்டு உலகெங்கும் பரவியது.

2008 இல் அமெரிக்க ஆய்வாளர்கள், இசுகாட் 1860 ஏப்ரல் 9 அன்று எடுத்த ஒலிவரைவு ஒன்றைப் படமாக்கிக் கணினியின் உதவியால் ஒலியாக மாற்றினர். அதில் ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாடலின் சில நொடிகள் கேட்டன. முதலில் அது பெண் அல்லது சிறுமியின் குரல் எனக் கருதப்பட்டது. மறு ஆண்டில், இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கச் செய்ததே அதற்குக் காரணம் என்பதும், உண்மையில் அது மெதுவாகப் பாடும் ஆணின் குரல் என்பதும் தெளிந்தன. வேகத்தைத் தவறாகக் கணித்தால் பாடியவர் யார் என்பதே மாறிவிடும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

இந்தியாவிலும் சென்னையிலும்

கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளரான பிரெட் கெய்சுபெர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் பதிவுகளைத் தொடங்கினார். அதே மாதம் 11 ஆம் நாள் பாடகி கௌகர் ஜானின் குரல் பதிவானது. அப்போது தட்டுகள் செருமனியின் அனோவர் நகரில் அச்சிடப்பட்டு இந்தியாவுக்குக் கப்பலில் வந்தன. 1908 இல் கல்கத்தாவின் சியால்தா பகுதியில் தட்டு அச்சிடும் தொழிற்சாலை ஏற்பட்டது. தென்னிந்தியக் கலைஞர்களுள் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோரின் குரல்கள் இத்தொடக்கக் காலத்திலேயே தட்டில் ஏறின.

1920களின் நடுப்பகுதி வரை ஒலிவாங்கி பயன்பாட்டில் இல்லை. பாடகர் ஒரு பெரிய கூம்புக் குழாயின் வாயருகே நின்று உரத்துப் பாடினார். அவ்வதிர்வு ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் பள்ளமாகப் பதிந்தது. மெல்லிய குரலும் தாழ்ந்த ஒலிகளும் நன்கு பதியவில்லை. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடங்களே ஓடியது. எனவே அரங்கில் நெடுநேரம் விரித்துப் பாடப்பட்ட ஓர் இராகம் தட்டில் சுருங்கிய வடிவிலேயே கிடைக்கின்றது.

தொடக்ககாலத் தட்டுகள் பலவற்றின் முடிவில் கலைஞர் தம் பெயரைத் தாமே கூறுவதைக் கேட்கலாம். தொலைநாட்டில் தட்டை அச்சிட்டவர்கள் பாடியவரை அடையாளம் காண இவ்வழக்கம் உதவியது. பெயர்த்தாள் கிழிந்துபோன தட்டுகளை இனங்காண இன்று அதே குரல் துணை செய்கின்றது.

பேச்சுத் தமிழின் பதிவுகள்

வணிகத் தட்டுகள் பாட்டையும் நாடகத்தையும் காத்தன. அன்றாடப் பேச்சைக் காத்தவை அரசின் மொழியியல் பதிவுகளாகும். ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன் (1851–1941) தலைமையில் நடந்த இந்திய மொழியியல் அளவாய்வின் தொடர்ச்சியாக, 1913 முதல் 1929 வரை ஏறத்தாழ 100 மொழிகளிலும் கிளைமொழிகளிலும் 200-க்கும் மேற்பட்ட பேச்சுப் பதிவுகள் எடுக்கப்பட்டன. கிரியர்சனின் களஆய்வில் சென்னை மாகாணம் சேர்க்கப்படவில்லை. ஆயினும் இம்மாகாணத்தின் மொழிகளும் பின்னர்த் தட்டில் பதிவு செய்யப்பட்டன. அப்பதிவுகளில் பேசப்பட்ட பகுதிகளின் எழுத்து வடிவத்தைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927 இல் நூலாக வெளியிட்டது.

விவிலியத்தில் வரும் ஊதாரி மகன் கதையைப் பல மொழியினர் தத்தம் மொழியில் கூறுவதாக இப்பதிவுகளில் பல அமைந்துள்ளன. ஒரே கதையைப் பல மொழிகளில் கேட்பதால் ஒலிப்பையும் தொடரமைப்பையும் ஒப்பிட முடிகின்றது. சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எண்ணிமத் தெற்காசிய நூலகம் இப்பதிவுகளை இணையத்தில் வெளியிட்டது. நூறாண்டுக்கு முந்தைய பேச்சில் ழகரமும் றகரமும் எவ்வாறு ஒலித்தன என ஆராயும் மாணவருக்கு எழுத்துச் சான்றுகளைவிட இவை நேரடிச் சான்றுகளாகும்.

எண்ணிமமாக்கும் முறை

அரக்குத் தட்டு எளிதில் உடையக்கூடியது. பழைய எஃகு ஊசியால் ஒவ்வொரு முறை இசைக்கும்போதும் பள்ளத்தின் சுவர் தேய்ந்தது. எண்ணிமமாக்கத்தில் பின்வரும் படிநிலைகள் உள்ளன.

1. தூய்மை செய்தல்: பள்ளங்களில் படிந்த தூசியும் பூஞ்சையும் நீக்கப்படுகின்றன. அரக்கைச் சாராயம் கரைத்துவிடும் என்பதால் அது கலந்த நீர்மங்கள் பயன்படுத்தப்படுவதில்லை.

2. ஊசியைத் தெரிதல்: பிற்கால நெடுந்தட்டுக்கு உரிய ஊசியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தடித்த ஊசி தேவை. மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலையே தரும்.

3. வேகத்தைக் கணித்தல்: இத்தட்டுகள் பொதுவாக நிமிடத்துக்கு 78 சுற்றுத் தட்டுகள் எனப்பட்டாலும், தொடக்ககாலத் தட்டுகள் 70 முதல் 80-க்கு மேற்பட்ட சுற்றுகள் வரை வெவ்வேறு வேகங்களில் பதிவாயின.

4. மூலக்கோப்பைச் சேமித்தல்: இரைச்சல் நீக்கப்படாத ஒலி, சுருக்கப்படாத கோப்பாகச் சேமிக்கப்படுகின்றது. நொடிக்கு 96,000 மாதிரிகளும் மாதிரி ஒன்றுக்கு 24 பிட்டுகளும் ஆவணக் காப்பகங்களுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. இரைச்சல் நீக்கிய படியும் இணையத்துக்கான சுருக்கிய படியும் இதிலிருந்து தனியே உருவாக்கப்படுகின்றன.

5. விவரம் எழுதுதல்: பெயர்த்தாளில் உள்ள அனைத்தும், மையத்தை ஒட்டிய வெற்றிடத்தில் பொறிக்கப்பட்ட எண்ணும், இசைத்த வேகமும் கோப்புடன் சேர்க்கப்படுகின்றன.

மூன்றாம் படிநிலை தமிழிசைக்கு மிகவும் இன்றியமையாதது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 73.6 சுற்றில் பதிவான தட்டை 78 சுற்றில் இசைத்தால் சுருதி அரைக்கட்டை உயரும். நான்கு கட்டையில் பாடியவர் நான்கரைக் கட்டையில் பாடியதாகத் தோன்றும். காலப்பிரமாணமும் விரையும். எனவே வேகக்குறிப்பு இல்லாத ஓர் எண்ணிமப் படியைக் கொண்டு பாடகரின் சுருதியை முடிவு செய்தல் கூடாது.

தேடும் முறை: திருநெல்வேலி வட்டாரம்

திருநெல்வேலி மாநகரின் வண்ணார்பேட்டை, 1843 இல் தாமிரபரணியின் குறுக்கே கட்டப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தை அடுத்து அமைந்த பகுதியாகும். இங்குள்ள ஒரு மாணவர் தம் வட்டாரக் கலைஞர்களின் பழைய பதிவுகளைத் தேடுவதாகக் கொண்டால், இன்றைய ஊர்ப்பெயர்களை மட்டும் இட்டுத் தேடுவது போதாது. அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, எழுத்துக்கூட்டல். ஆங்கிலேயர் ஆட்சிக்கால உரோமன் எழுத்து ஆவணங்களில் திருநெல்வேலி 'டின்னவேலி' எனவும், பாளையங்கோட்டை 'பாலம்கோட்டா' எனவும், தூத்துக்குடி 'டூட்டிகொரின்' எனவும் ஒலிக்குமாறு எழுதப்பட்டன. பழைய தட்டுகளின் பெயர்த்தாளும் விலைப்பட்டியலும் இத்தகைய எழுத்துக்கூட்டல்களையே பின்பற்றின. அவற்றைப் பார்த்து எழுதப்பட்ட எண்ணிமப் பட்டியலிலும் அவையே நிற்கின்றன. கலைஞர்களின் பெயர்களும் தட்டுக்குத் தட்டு வேறுபட்ட எழுத்துகளில் காணப்படும்.

இரண்டாவது, ஆட்சி எல்லை. பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தூத்துக்குடி 1986 இலும், தென்காசி 2019 இலும் தனி மாவட்டங்களாயின. எனவே பழைய ஆவணத்தில் திருநெல்வேலி எனக் குறிக்கப்பட்ட ஊர் இன்று வேறு மாவட்டத்தில் இருக்கலாம். நாடகாசிரியர் சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அன்று அது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. மாறாக, செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூரைச் சேர்ந்ததாகும்.

மூன்றாவது, பெயரின் முதலெழுத்து. நாடக நடிகரும் பாடகருமான எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) செங்கோட்டையைச் சேர்ந்தவர். ஊர்ப்பெயர் அவர் பெயரில் ஓர் எழுத்தாக மட்டுமே நிற்கின்றது. ஊர்ப்பெயரைக் கொண்டு தேடுவோருக்கு அவருடைய தட்டுகள் அகப்படுவது அரிது.

கிட்டப்பா உச்ச சுருதியில் பாடியதற்காகப் புகழ்பெற்றவர். தமிழின் முதல் பேசும்படமான காளிதாசு 1931 அக்டோபரில் வெளிவந்தது. கிட்டப்பா திரைப்படம் எதிலும் நடிக்காமல் 1933 டிசம்பரில் 27 ஆம் அகவையில் மறைந்தார். ஆதலால் அவருடைய குரலுக்கு எஞ்சிய சான்று இசைத்தட்டுகளே. அவர் காலத்தில் பதிவு வேகம் ஏறத்தாழ 78 சுற்றுகளில் நிலைபெற்றிருந்தாலும், தட்டை எண்ணிமமாக்கிய சுழல்மேசையின் வேகம் பிழைபட்டால் அவர் சுருதி பற்றிய கருத்தும் பிழைபடும். அவருடைய துணைவியார் கே. பி. சுந்தராம்பாளின் (1908–1980) குரல் பிற்காலத் திரைப்படங்களிலும் ஒலிநாடாக்களிலும் பதிவாகியுள்ளது. அவருடைய பழைய தட்டுகளைப் பிற்காலப் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். கிட்டப்பாவுக்கு அந்த வாய்ப்பில்லை.

திருநெல்வேலி வட்டாரத்தில் பிறந்தோர் அனைவர் குரலும் பதிவாகிவிடவில்லை. எட்டயபுரத்தில் பிறந்து, திருநெல்வேலியில் பயின்று, 1918 முதல் 1920 வரை கடையத்தில் வாழ்ந்த சுப்பிரமணிய பாரதியார் 1921 இல் மறைந்தார். அப்போது இந்தியாவில் இசைத்தட்டு வணிகம் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தும் அவருடைய குரற்பதிவு கிடைக்கவில்லை. அடுத்த தலைமுறையில், சேரன்மகாதேவியை அடுத்த காருகுறிச்சியைச் சேர்ந்த நாதசுவரக் கலைஞர் அருணாசலத்தின் (1921–1964) வாசிப்பு தட்டுகளிலும், 1962 இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை திரைப்படத்திலும் நிலைபெற்றது.

ஒரே தட்டின் இரு எண்ணிமப் படிகளை ஒப்பிடும்போது பெயரைவிட மேட்ரிக்சு எண் எனப்படும் பொறிப்பு எண்ணே உறுதியான சான்றாகும். அந்த எண் ஒரு குறிப்பிட்ட பதிவுக்கு மட்டுமே உரியது. ஒரே பாடலைக் கலைஞர் இருமுறை பாடிப் பதிந்திருந்தால் எண்கள் வேறுபடும்.

எண்ணிமத் தொகுப்புகள்

இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் 1990 இல் மும்பையில் தொடங்கப்பட்டது. ஓடியன் நிறுவனம் 1912–1916, 1932–1938 ஆகிய இரு காலப்பகுதிகளில் இந்தியாவில் வெளியிட்ட தட்டுகளைத் தனியார் சேகரிப்புகளிலிருந்து திரட்டி எண்ணிமமாக்கும் பணி, பிரித்தானிய நூலகத்தின் அழிவாபத்திலுள்ள ஆவணங்கள் திட்டத்தின் நிதியுதவியுடன் நடைபெற்றது. இரண்டாம் காலப்பகுதியில் சென்னையிலிருந்து வெளியான தென்னிந்தியத் தட்டுகளும் இதில் அடங்கும்.

1994 இல் சென்னையில் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நாடக நூல்களும் பாட்டுப் புத்தகங்களும் உள்ளன. தட்டில் தெளிவாகக் கேட்காத சொற்களை இத்தகைய நூல்களோடு ஒப்பிட்டுத் தெளியலாம். 1982 இல் தொடங்கப்பட்ட அமெரிக்க இந்தியவியல் ஆய்வு நிறுவனத்தின் இசையியல் காப்பகம் குருகிராமில் உள்ளது. உலக அளவில், அமெரிக்க இணைய ஆவணக் காப்பகமும் 78 சுற்றுத் தட்டுகளைப் பெருமளவில் எண்ணிமமாக்கியுள்ளது.

பதிப்புரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன் படி, ஒலிப்பதிவின் பதிப்புரிமை அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். எனவே 1930களில் வெளியான தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. ஆயினும் பாடலின் சொற்களுக்கும் இசையமைப்புக்கும் உள்ள உரிமை தனியானது; அது ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். அமெரிக்காவில் 1923-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் 2022 சனவரி 1 அன்று பொதுவுடைமை ஆயின.

எண்ணிமப் படிகளின் நிலைப்பு

எண்ணிம வடிவம் தட்டைப்போல் தேயாது எனினும் அழிவற்றதன்று. 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் மீது நடந்த தாக்குதலால் அதன் இணையச் சேவைகள் நெடுங்காலம் முடங்கின. ஒலித்தொகுப்புகளும் பயனர்க்குக் கிடைக்காமல் போயின. அதே ஆண்டில் இணைய ஆவணக் காப்பகத்தின் 78 சுற்றுத் தட்டுத் திட்டத்தின் மீது பெரிய இசை நிறுவனங்கள் தொடுத்த வழக்கு 2025 இல் சமரசத்தில் முடிந்தது. இக்காரணங்களால் ஒரே பதிவின் படிகளை வெவ்வேறு இடங்களில் வைத்திருப்பதும், எண்ணிமமாக்கிய பின்னும் மூலத்தட்டைக் காப்பதும் இன்றியமையாதவை. வேகமும் எண்ணும் ஐயத்துக்கு உள்ளாகும்போது மீண்டும் சரிபார்க்க மூலத்தட்டு ஒன்றே வழியாகும். வீடுகளில் எஞ்சியுள்ள தட்டுகளைச் செங்குத்தாக, வெயிலும் ஈரமும் படாமல் உறையிலிட்டு வைப்பதும், பெயர்த்தாளையும் பொறிப்பு எண்ணையும் படமெடுத்து வைப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

எஸ். ஜி. கிட்டப்பா
சங்கரதாசு சுவாமிகள்
காருகுறிச்சி அருணாசலம்
இந்திய மொழியியல் அளவாய்வு
ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்